சந்தியோகு எழுதிய ஊர்

யாழ்ப்பாணத்து அரசாங்கக் கச்சேரி வாசலில், வாகை மர நிழலில், ஒரு மேசையும் இரண்டு வாங்கும் போட்டுப் பதினேழு வருடம் பெத்திசம் எழுதிப் பிழைத்தவன் நான். கள்ளுத் தவறணையை அகற்ற வேண்டும், ஒழுங்கையை அகலமாக்க வேண்டும், விதானையாரை மாற்ற வேண்டும் என்று எவர் வந்து எதை முறையிட்டாலும் அதை ஆங்கிலத்தில் எழுதி அரசாங்கத்தின் காலடியில் வைப்பது என் தொழில். எல்லாப் பெத்திசத்துக்கும் தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று. தொடக்கத்தில் மனுதாரர் பணிவார். முடிவில் இன்னும் கொஞ்சம் பணிவார். நடுவில் உள்ளதை மட்டும் ஆளுக்கு ஏற்றபடி மாற்றுவேன்.

எனக்குத் தெரியாத ஆங்கிலச் சொல் கிடையாது என்று அந்த நாட்களில் உறுதியாக நம்பியிருந்தேன். தெரியாத சொற்கள் என் மேசைக்கு வராததுதான் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம். என் சொந்த ஊரான உரும்பிராயில் முகத்துக்கு நேரே என்னைக் கந்தப்பு மாஸ்டர் என்பார்கள். நான் ஒரு பிள்ளைக்கும் ஒரு எழுத்தும் படிப்பித்ததில்லை. அது என் சால்வைக்குக் கிடைத்த மரியாதை. முதுகுக்குப் பின்னால் பெத்திசம் கந்தப்பு. அது எனக்குக் கிடைத்தது.

முப்பத்தாறாம் ஆண்டு பங்குனி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, குருநகரிலிருந்து ஓர் அண்ணனும் தங்கையும் வந்தார்கள். அண்ணன் பெயர் கனிசியஸ். சொந்தமாக ஒரு வத்தை வைத்துக் கடலோடுகிறவன். வத்தையின் பாய்மரம் போலவே நெடுப்பம், அதைப் போலவே வளையாத கழுத்து. தங்கை செபஸ்தியம்மா வாங்கில் இருக்காமல் மரத்தோடு ஒட்டி நின்றாள்.

"ஒரு சொல்லு வாசிச்சுத் தரவேணும் ஐயா," என்றான் கனிசியஸ்.

"ஒரு சொல்லோ? முழுக் கடிதத்தையும் தாருமன்."

"மிச்சம் தமிழ். நானே வாசிச்சிட்டன். ஒரு சொல்லு மட்டும் இங்கிலீசிலை கிடக்குது. அந்தச் சொல்லிலைதான் அவன் இருக்கிறான்."

அவன் என்றது செபஸ்தியம்மாவின் கணவன் சந்தியோகுவை. கப்பலில் வேலை தேடுகிறேன் என்று பதினாலு மாதத்துக்கு முன் கொழும்புக்கு ரயில் ஏறியவன். கப்பல் ஏறினானோ இல்லையோ ஒருவருக்கும் தெரியாது. இப்போதுதான் முதற்கடிதம். அதுவும் தபாலில் வரவில்லை. கொழும்புத் துறைமுகத்தில் யாரோ ஒருவர் மடியிலிருந்து இன்னொருவர் மடிக்கு மாறி, நாலைந்து மடி கண்டு, உறையும் முத்திரையும் இல்லாமல், வியர்வையில் நனைந்து வந்து சேர்ந்திருந்தது. நான் அதை மேசையில் விரித்து வாசித்தேன்.

"அன்புள்ள செபஸ்தியம்மாவுக்கு எழுதிக்கொள்வது. நான் சுகம். நீ ஒண்டுக்கும் யோசிக்காதை. இப்ப நான் இருக்கிற ஊரின்ரை பேரைப் பலகையிலை கண்டபடி கீழை எழுதியிருக்கிறன். எங்கடை யாழ்ப்பாணக் கோட்டையைக் கட்டின ஆக்கள் கட்டின ஊர்தான் இது. எல்லாப் பக்கமும் தண்ணி. வீட்டு வாசலிலை தோணி கட்டிக் கிடக்குது. மாடு கண்டு கனக்க. பால் கேட்டுக் கேள்வியில்லை. குதிரையளும் திரியுது.

இஞ்சை ஒரு பழைய கோவில் இருக்குது. அதின்ரை கோபுரம் சாய்ஞ்சு நிக்குது. சோழகக் காத்துக்குப் பாய்மரம் சாயுமே, அந்தச் சாய்வு. தண்ணி ஓடின இடத்தை மூடிக் கட்டினதாலை ஒரு பக்கம் இறங்கிப் போச்சுதாம். இறங்கிறதைக் கண்டிட்டும் மேசன்மார் விட்டிட்டு ஓடேல்லை. மேல் துண்டை நேராக் கட்டி முடிச்சிருக்கிறாங்கள். சாய்ஞ்ச மரத்துக்கு மேலை நேர் மரம். அறுநூறு வருசமா அப்பிடியே நிக்குது. அதுக்குள்ளை ஒரு பெரிய மணி. அடிச்சால் கோபுரம் அதிருமெண்டு அடிக்கிறதில்லை. இராச குடும்பத்திலை ஆரும் செத்தால் மட்டும் அடிப்பினமாம்.

சந்தைக்குப் பக்கத்திலை இன்னொரு கோவில். அங்கை ஒரு இராசா வெள்ளைக் கல்லிலை நித்திரை கொள்ளுறார். காலடியிலை அவரின்ரை நாய். அதுவும் கல்லுத்தான். இராசா செத்த பிறகு அந்த நாய் தின்னாமல் குடியாமல் செத்ததாம். இராசாவை அவரின்ரை வீட்டுக்குள்ளையே வெடி வைச்சவங்கள். வெடி பட்ட சுவர் இப்பவும் இருக்குது. ஓட்டையை விரலாலை தடவிப் பாத்தன். எனக்கு என்னவோ செய்தது.

இரண்டாம் கோவில் கோபுரத்துக்கு முந்நூறுக்கு மேலை படி. ஏறினால் கப்பல் நிக்கிற துறை வரைக்கும் தெரியுமாம். நான் ஏறேல்லை. அதிலை இருக்கிற மணியள் கால் மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பாட்டுப் படிக்குது. படுத்திருந்து கேக்கிறன். ஊர் எல்லையிலை ஒரு வாசல், இரண்டு கூர்க் கோபுரத்தோடை, தண்ணிக்குள்ளை தன்ரை முகத்தைத் தானே பாத்துக்கொண்டு நிக்குது. நீ கண்டால் சந்தோசப்படுவாய்.

மரியா எண்ட மனிசி எனக்குச் சாப்பாடு தண்ணி எல்லாம் பாக்கிறா. நல்ல மனிசி. வர இன்னும் மூண்டு நாலு மாசம் செல்லும். சந்தியோகு."

அதன் கீழே ஐந்து ஆங்கில எழுத்துகள். ஒவ்வொன்றும் தனித்தனியாக, கல்லில் வெட்டியதுபோல. நாலாவது எழுத்து மறுபக்கம் பார்த்து நின்றது.

நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். ஒரு சொல்லுக்கு அது அவசியமில்லை. ஆனால் தொழில் என்றால் கொஞ்சம் சடங்கு வேண்டும்.

"டெல்ஃப்ட்," என்றேன்.

"அது எங்கை ஐயா?"

"எங்கையோ? இந்தா, உங்கடை மூக்குக்கு நேரை. நெடுந்தீவு. கச்சேரிக் கடதாசியிலை நெடுந்தீவுக்கு அதுதான் பேர். நானே முப்பது பெத்திசத்திலை எழுதியிருக்கிறன்."

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தெரிந்தவன் பெத்திசம் எழுதப் போகமாட்டான். கடிதத்தை வரி வரியாக எடுத்து விளக்கினேன். ஒல்லாந்தர் கட்டினது: நெடுந்தீவில் ஒல்லாந்தர் கோட்டை இடிந்து கிடக்கிறது. எல்லாப் பக்கமும் தண்ணீர்: தீவென்றால் வேறு எப்படி இருக்கும். மாடு, பால்: நெடுந்தீவுப் பாலை அறியாதவர் யார். குதிரை: இந்த மாகாணத்தில் குதிரை கட்டாக்காலியாய்த் திரிகிற ஊர் அது ஒன்றுதான். கப்பல் நிற்கிற துறை: ஊர்காவற்றுறை.

"இராசா?" என்று கேட்டாள் செபஸ்தியம்மா. அதுதான் அவள் வாய் திறந்த முதற்தடவை.

"நெடுந்தீவிலை வெடியரசன் கோட்டை எண்டு ஒண்டு இருக்குது, பிள்ளை. வெடி பட்ட அரசன். வெடியரசன்." இதைச் சொன்னபோது என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

கனிசியஸ் மரத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினான். "கேட்டியோ? கப்பலுமில்லை, கத்தரிக்காயுமில்லை. காத்துப் பிடிச்சால் அரை நாள் ஓட்டம். அங்கை இருந்துகொண்டு பதினாலு மாசம் உனக்கு முகம் காட்டேல்லை. மரியாவின்ரை கையாலை பால் குடிச்சுக்கொண்டு உனக்குக் கோபுரக் கதை எழுதுறான்."

அவன் அப்போதே ஒரு பெத்திசம் கேட்டான். ஆயர் ஆண்டகைக்கு: இன்ன கோவிலில் முறையாகக் கைப்பிடித்த மனைவியை விட்டுவிட்டு இன்னான் நெடுந்தீவில் மரியா என்பவளோடு வாழ்கிறான், விசாரிக்க வேண்டும் என்று. பெத்திசம் போன கையோடு தங்கையின் வீட்டைப் பூட்டித் திறப்பைத் தன் மடியில் கட்டிக்கொண்டு அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவது என்றும் முடிவெடுத்துவிட்டான். நான் அன்று பின்னேரமே எழுதி முடித்தேன். நல்ல பெத்திசம். 'கல் நெஞ்சனாகிய அக்கணவன்' என்று வருகிற இடத்தில் எனக்கே கண் கலங்கியது. மறுநாள் வாசித்துத் தமிழிலும் சொன்னேன்.

செபஸ்தியம்மா முழுவதும் கேட்டாள். பிறகு, "இதை அனுப்ப முன்னம் நான் ஒருக்காப் பாக்கவேணும் ஐயா," என்றாள்.

"ஆரை? அவளையோ?"

"இல்லை. சாய்ஞ்ச கோபுரத்தை."

கனிசியஸ் சினந்தான். அவள் குரலை உயர்த்தவில்லை. "அவர் அங்கை இருந்தால் நானே கைநாட்டு வைக்கிறன். அதுக்குப் பிறகு அவரின்ரை பேரை என்ரை வாயிலை எடுக்கமாட்டன். ஆனால் கண்ணாலை பாக்காமல் வைக்கமாட்டன்." பிறகு என்னைப் பார்த்து, "வாசிச்சவர் நீங்கள். நீங்களும் வாருங்கோ," என்றாள்.

வீட்டில் விசயத்தைச் சொன்னபோது என் மனைவி குணலட்சுமி சிரித்ததில் கையிலிருந்த சுளகு நழுவியது. "கிணத்துக்கட்டிலை நிண்டாலே தலை சுத்துற மனிசன். கடலிலையோ போறியள்?" என்றாள்.

அவள் சொன்னதில் பிழையில்லை. வியாழக்கிழமை விடியற்காலை குருநகரிலிருந்து வத்தை புறப்பட்டது. மண்டைதீவைத் தாண்டும் வரை சால்வையோடு இருந்தேன். வேலணைக்கு நேரே வந்தபோது சால்வையைக் கழற்றினேன். புங்குடுதீவுக்கு அப்பால் நடந்ததை எழுதுவது என் மதிப்புக்குத் தகாது. கனிசியஸ் ஒரு கையால் சுக்கானையும் மறு கையால் என் வேட்டித் தலைப்பையும் பிடித்திருந்தான் என்பதோடு விட்டுவிடுகிறேன். செபஸ்தியம்மா வத்தையின் முன்னணியத்தில் இருந்து கண்ணிமைக்காமல் தெற்கே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நெடுந்தீவில் கால் வைத்தபோது வெயில் ஏறிவிட்டது. துறையில் இன்னாசித்தம்பி என்று ஒரு கிழவர், மாடு வளர்ப்பவர், நின்றார். அவரிடம் மரியாவின் வீட்டைக் கேட்டேன்.

"எந்த மரியா?"

"மரியா எண்டுதான் தெரியும்."

"இஞ்சை மரியா இல்லாத வீடு எதெண்டு கேளுங்கோ, அது சுகமாச் சொல்லலாம்," என்றார் அவர்.

சந்தியோகு என்று குருநகரான் ஒருவன் இங்கே இருக்கிறானா என்று கேட்டோம். இல்லை என்றார். கனிசியஸ் நம்பவில்லை. "மறைக்கினம்," என்று என் காதில் சொன்னான். ஆகவே கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ள இடங்களைத் தேடிப் புறப்பட்டோம். கிழவருக்கும் வேறு வேலை இல்லைப் போலும், வழி காட்ட வந்தார்.

நான் அதுவரை பார்த்திராத ஊர் அது. வேலியே கிடையாது. கடலில் எடுத்த முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மதில்கள், சாந்தும் இல்லாமல் சுண்ணாம்பும் இல்லாமல், வளவு வளவாக, கண்ணுக்கு எட்டிய தூரம் ஓடின. எங்கள் ஊரில் ஒரு வேலிக் கதியால் ஒரு முழம் தள்ளிப்போனால் மூன்று தலைமுறைக்கு வழக்கு நடக்கும். இங்கே கையால் தள்ளினால் விழுகிற கல், தள்ளுவாரில்லாமல் நிற்கிறது. உள்ளே பொந்து விழுந்த ஒரு பெருக்கு மரத்தைக் கண்டோம். அதன் வயிற்றுக்குள் என் மேசையையும் இரண்டு வாங்கையும் போட்டுத் தொழில் நடத்தலாம். வெளியில் குதிரைகள் நின்றன. வெயிலில் வெளுத்த கடலைப் பின்னால் வைத்துக்கொண்டு, யாருக்கும் சொந்தமில்லாத முகத்தோடு அவை எங்களைப் பார்த்தன. நான் வந்த காரியத்தை மறந்து வாய் பிளந்து நின்றேன்.

செபஸ்தியம்மா மறக்கவில்லை. அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஒன்பது தரம் கேட்டதில் கடிதம் முழுவதும் பாடம்.

"இது கோட்டை," என்றேன், ஒல்லாந்தர் விட்டுப்போன பெரிய இடிசுவரைக் காட்டி.

"அவர் கோட்டையைப் பற்றி எழுதேல்லை. வாசலைப் பற்றி எழுதினவர். இரண்டு கூர்க் கோபுரம்."

புறாக்கூட்டைக் காட்டினேன். ஒல்லாந்தர் கடிதப் புறா வளர்க்கக் கட்டியது, பொந்து பொந்தாக அழகான வேலை. அவள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "வடிவாத்தான் இருக்குது. ஆனால் இதுக்கு முந்நூறு படி எங்கை?"

வெடியரசன் கோட்டையில் கல் இருந்தது. இராசா இல்லை, நாய் இல்லை, வெடி பட்ட சுவரும் இல்லை. "வெடியரசனை ஆர் சுட்டது?" என்று இன்னாசித்தம்பியைக் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்த நாளிலை துவக்கு ஏது, ஐயா?" என்றார். பெத்திசத்தில் இப்படி ஒரு ஓட்டை விழுந்தால் நான் கடுதாசியைத் திருப்பிப் போடுவேன். இங்கே திருப்ப ஒன்றுமில்லை.

கடைசியாகத் தெற்குக் கரையில் நின்ற கல் கோபுரத்துக்குப் போனோம். தூரத்திலிருந்து பார்க்க அது கொஞ்சம் சாய்ந்ததுபோல எனக்குப் பட்டது. படவேண்டும் என்று மனம் விரும்பியது. "பாத்தியோ பிள்ளை, சாய்வு," என்றேன்.

கனிசியஸ் மடியிலிருந்து தூண்டிற்கயிற்றை எடுத்தான். அதன் நுனியில் ஈயக்குண்டு. கையை உயர்த்தி, குண்டு ஆட்டம் நிற்கும்வரை பொறுத்து, ஒற்றைக் கண்ணை மூடிக் கயிற்றையும் கோபுரத்தின் விளிம்பையும் சேர்த்துப் பார்த்தான். இன்னொரு பக்கம் போய் மறுபடி பார்த்தான். மச்சானைப் பிடிக்க வந்தவன்தான். ஆனால் கயிற்றைப் பிடித்த கை பொய் சொல்லாது.

"நேர்," என்றான். "மயிரிழை சாயேல்லை."

செபஸ்தியம்மா அங்கேயே கல்லில் இருந்துவிட்டாள். அவள் முகத்தில் அன்றைக்கு முதன்முறையாக ஒரு தெளிவு வந்திருந்தது.

"அண்ணை, அவர் கண்டதைத்தான் சொல்லுவார். காணாததைச் சொல்ல அவருக்கு ஏலாது. கலியாணத்துக்கு முந்தி என்னை வடிவெண்டு கூடச் சொல்லேல்லை, கை நல்ல கை, வலை பின்னும் எண்டவர். அப்பிடிப்பட்ட மனிசன், மேல் துண்டை நேராக் கட்டின கதையை இருந்து யோசிச்சு எழுதுவாரோ? அவர் சொன்னது ஒண்டும் இஞ்சை இல்லை. அப்ப அவரும் இஞ்சை இல்லை."

கனிசியஸ் கயிற்றைச் சுற்றிக்கொண்டே கேட்டான். "அப்ப எங்கை இருக்கிறான்?"

இன்னாசித்தம்பிதான், "சுவாமியாரிட்டைக் கேட்டால் என்ன?" என்றார். "அவர் பிரான்சுக்காரன். நாலு தேசம் கண்டவர்."

கோவிலடியில் விறாந்தையில் சுவாமியார் இருந்தார். வெள்ளைத் தாடி. காலடியில் ஓர் ஆட்டுக்குட்டி. அவர் பேசிய தமிழ் எழுத்துத் தமிழ். ஒவ்வொரு சொல்லையும் கழுவித் துடைத்து வைப்பார். செபஸ்தியம்மா தோத்திரம் சொல்லிக் கடிதத்தைக் கொடுத்தாள். அவர் மெதுவாக வாசித்தார். பாதியில் அவர் உதடு அசைவது நின்றது. முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து தொடங்கினார்.

"இதை எழுதியவர் யார், மகளே?"

"என்ரை மனிசன், சுவாமி."

"அவருக்கு நல்ல கண். நான் இளமையில் குருமடத்தில் கற்ற நாளில் விடுமுறைக்கு இந்த ஊருக்குப் போனேன். இந்தக் கோபுரத்தின் கீழ் நின்றேன். விழப்போகிறது என்று பயந்து ஓடினேன். மேற்பகுதி நேராக இருப்பதை நான் கவனிக்கவே இல்லை. இவர் சொன்ன பிறகுதான் நினைவுக்கு வருகிறது. ஆம், அப்படித்தான் இருந்தது." அவர் கண்களை மூடிக்கொண்டார். "நடுவே நீர் ஓடும் தெருக்கள். இரு கரையும் மரங்கள். இலை உதிர்ந்தால் தண்ணீரே தெரியாது. அந்த நாயை நானும் பார்த்தேன், மகளே. தொட்டால் எழும்பும் போலிருக்கும். ஒரேயொரு பிழை. அந்தக் கல்லில் கிடப்பவர் இராசா அல்லர், இளவரசர். மற்றது எல்லாம் சரி."

உள்ளே போய் ஒரு பெரிய தேசப்படப் புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தார். ஒல்லாந்து தேசத்தில் ஒரு புள்ளி. அதன் பக்கத்தில் அந்த ஐந்து எழுத்துகள். இந்த முறை நாலாவது எழுத்து சரியான பக்கம் பார்த்தது.

"ஒல்லாந்தர் இந்தத் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். வேலணைக்கு லெய்டன். புங்குடுதீவுக்கு மிடில்பர்க். காரைதீவுக்கு அம்ஸ்டர்டாம். இதற்கு டெல்ஃப்ட். உன் கணவர் இருப்பது மெய்யான டெல்ஃப்ட்."

கனிசியஸ் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தான். "அப்ப காலமை நாங்கள் லெய்டனையும் மற்றதையும் தாண்டி வந்தனாங்கள்," என்றான். "ஐயா தலை சுத்திச் சத்தி எடுத்தது எந்த ஊரிலை?"

"இதை நெடுந்தீவு என்று வாசித்த அறிஞர் எவர்?" என்று கேட்டார் சுவாமியார்.

கனிசியஸ் கூரையைப் பார்த்தான். செபஸ்தியம்மா நிலத்தைப் பார்த்தாள். இரண்டு பேரும் என்னைப் பார்க்காமல் விட்ட அந்த இரக்கம் தாங்காமல் நானே கையை உயர்த்தினேன். பெத்திசத்தையும் மடியிலிருந்து எடுத்து, நடந்ததைச் சொன்னேன். கனிசியஸ் அதை வாங்கினான். நாலாகக் கிழித்தான். எங்கே போடுவது என்று அவன் பார்க்குமுன்னரே ஆட்டுக்குட்டி வேலையைத் தொடங்கிவிட்டது. நான் எழுதிய பெத்திசங்களில் ஒருவர் முழுமையாக உட்கொண்டது அது ஒன்றுதான்.

எல்லோரும் சிரித்தோம். சுவாமியாருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "இரண்டாவது கோபுரத்தில் நான் ஏறினேன்," என்றார். "முந்நூற்று எழுபதுக்கும் மேல் படிகள். சுழன்று சுழன்று போகும். மேலே போனால், ஆகா, அந்தச் சமவெளி. உன் கணவரும் ஏறியிருக்க வேண்டும். தவறவிட்டுவிட்டார்."

செபஸ்தியம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

"அவர் ஏறேல்லை," என்றாள்.

"ஆம், அப்படித்தான் எழுதியிருக்கிறார்."

"சுவாமி, அவர் ஏறாத மரம் குருநகரிலை இல்லை. திருநாளிலை கொடிமரத்திலை கயிறு சிக்கினால் அவரைத்தான் கூப்பிடுவினம். மேலை போனால் கூப்பிட்டாலும் இறங்கார். அப்பிடிப்பட்டவர் முந்நூறு படியைக் கண்டிட்டு ஏறாமல் நிண்டவரோ?" குரல் மெல்ல இறங்கியது. "படுத்திருந்து மணி கேக்கிறாராம். பட்டப்பகலிலை படுக்கிற மனிசனில்லை. மரியா சாப்பாடு குடுக்கிறாவாம். வர மூண்டு நாலு மாசம் செல்லுமாம். ஒண்டுக்கும் யோசிக்காதை எண்டு முதல் வரியிலையே எழுதியிருக்கிறார்."

நான் அந்தக் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன். தமிழும் ஆங்கிலமும் தெரிந்த என் கண்ணுக்குப் படாதது, எழுத்தே தெரியாத அவள் காதுக்குப் பட்டுவிட்டது.

"கப்பலில் விழுந்திருக்கலாம்," என்றார் சுவாமியார் கடைசியில். "துறைமுகத்திலிருந்து அந்த ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாம். மரியா அங்கே பணிவிடை செய்பவளாக இருக்கலாம். ஆனால் பார், மகளே. அவர் அந்தச் சுவரை விரலால் தடவியிருக்கிறார். ஊர் எல்லை வாசல்வரை போயிருக்கிறார். படி ஏற முடியவில்லை, நடக்க முடிகிறது. அல்லது யாரோ தாங்கி நடத்துகிறார்கள்."

அப்போதுதான் அவள் அழுதாள். நெடுந்தீவுக்கு வந்து தேடும்போதும், அதற்கு முன் என் மேசையடியிலும் அழாதவள். மரியா என்ற பெயரில் இருந்த முள் போய்விட்டது. அது போன இடத்தில் வேறொன்று குத்தியது. கனிசியஸ் எழுந்து போய்க் கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்து அவளிடம் நீட்டினான். அவள் குடித்துவிட்டு முகத்தைத் துடைத்தாள்.

"ஐயா, ஒரு கடிதம் எழுதவேணும்."

அந்த ஊர்க் கோவில் குருவின் பெயருக்கு விலாசமிட்டு, தானும் பிரெஞ்சில் ஒரு குறிப்பு வைத்து, சந்தியோகுவைத் தேடிக் கொடுக்கச் சொல்லி அனுப்புவதாகச் சுவாமியார் சொன்னார். தாளும் மையும் தந்தார். நான் வழக்கப்படி தொடங்கினேன்: 'பணிவும் தாழ்மையும் மிக்க தங்கள் மனைவியாகிய...'

"அப்பிடி வேண்டாம். நான் சொல்லுறதை எழுதுங்கோ."

பதினேழு வருடத்தில் முதன்முறையாக, வந்தவர் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன்.

"கால் எப்பிடி எண்டு முதல் எழுதுங்கோ. கால் எண்டு நான் எப்பிடி அறிஞ்சன் எண்டு கேக்காதையுங்கோ. நீங்கள் ஏறாததிலை அறிஞ்சன். உங்களைத் தேடி நெடுந்தீவுக்கு வந்தனான். அது ஒரு பெரிய கதை, வந்தாப் பிறகு சொல்லுறன், நீங்கள் சிரிப்பியள். இஞ்சையும் பாக்க வடிவான இடங்கள் இருக்குது. உங்கடை ஊர் அளவுக்கு இல்லை. மரியாவுக்கு என்ரை தோத்திரத்தைச் சொல்லுங்கோ. அவவின்ரை கையாலை தாறதை மிச்சம் வைக்காமல் சாப்பிடுங்கோ. கால் தேறினால் அந்தக் கோபுரத்திலை ஏறிப் பாத்திட்டு வாருங்கோ. ஏறாமல் வந்தால் உங்களுக்கு ஆயுசுக்கும் அதே நினைவாக் கிடக்கும். நான் காத்திருக்கிறன்."

அவள் பெயரை நான் எழுத, பக்கத்தில் அவள் பெருவிரல் அடையாளம் வைத்தாள். நான் மையை ஊதிக் காயவைத்துக்கொண்டிருந்தேன். கனிசியஸ் விறாந்தைத் தூணைப் பிடித்தபடி நின்றான். கடலைப் பார்க்கிறவன்போல முகத்தை அந்தப் பக்கம் வைத்திருந்தான்.

"ஐயா, கீழை இடம் கிடக்குதோ?"

"இரண்டு வரிக்குக் கிடக்குது."

"அந்தக் கோபுரம் எந்தப் பக்கம் சாய்வெண்டு கேட்டு எழுதுங்கோ. காத்து வாற பக்கமோ, போற பக்கமோ? அதை அவன் எழுதேல்லை." தூணைப் பிடித்த கையை எடுத்தான். "கேக்கிறது கனிசியஸ் எண்டு போடுங்கோ. தொடக்கத்திலை மச்சான் எண்டு போடுங்கோ."